அச்சிட்ட உலோகமும் தேயும் உளியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பனையை அரிந்து சிலாகை எடுக்கும் தச்சரைக் கேட்டால் ஒரு செய்தியைத் தவறாமற் கூறுவர். மாவையும் வேம்பையும் இலகுவாக அரியும் வாள் பனையை அரியும்போது விரைவிலே மழுங்கிவிடும். முதிர்ந்த பனையின் உட்புறம் சோறு போன்று மெதுவானது; வெளிப்புறமோ கரிய நார்கள் நெருங்கிய வயிரம். வாளின் பற்கள் மழுங்கியதைக் கண்ணாற் காணுமுன்னரே தச்சர் காதால் அறிவார். அரியும் ஓசை மாறும். அரிதூள் மாவாக உதிரும். அரிந்த முகத்திலே நார் கிளம்பி நிற்கும். உடனே அவர் வேலையை நிறுத்தி, அரத்தை எடுத்து வாளைக் கூராக்கத் தொடங்குவார். கூர் குன்றிய வாளால் மேலும் அரிந்தால் வாளுக்கும் கேடு, மரத்துக்கும் கேடு என்பது அவருடைய பட்டறிவு.

இதே பட்டறிவு இன்று வேறொரு பொருளின் பொருட்டுப் பெரிய ஆய்வுகூடங்களிலே பேசப்படுகின்றது. அப்பொருள் தைத்தேனியம் என்னும் உலோகம். டைட்டானியம் என்றும் இதனை எழுதுவர். இவ்வுலோகத்தின் தூளை லேசர் ஒளியால் உருக்கி, அடுக்கடுக்காகப் படியவைத்து, வேண்டிய உருவத்தை ஆக்கும் முப்பரிமாண அச்சு முறை இக்காலத்திலே பரவிவருகின்றது. அச்சிட்டவுடன் உறுப்பு ஆயத்தமாகிவிடும் என்று பலரும் எண்ணுவர். உண்மை அவ்வாறன்று. அச்சிலிருந்து வந்த உறுப்பை உளி கொண்டு சீவிச் செப்பஞ் செய்தபின்னரே பெரும்பாலான வேலைகளுக்கு அது தகுதியாகும். அந்தச் சீவும் வேலையிலேதான் தைத்தேனியம் உளியைத் தின்கின்றது. தேய்ந்த உளியோ தைத்தேனியத்தின் மேற்பரப்பைக் கெடுக்கின்றது.

இவ்வுலோகம் ஈழநாட்டுக்கு அந்நியமானதன்று. முல்லைத்தீவுக்குத் தெற்கே, கொக்கிளாயைக் கடந்து திருகோணமலைப் பக்கமாகச் சென்றால் புல்மோட்டைக் கடற்கரை வரும். அங்கே மணல் கருநிறமாகக் கிடக்கும். ஒரு காந்தத்தை அம்மணலிலே நுழைத்தெடுத்தால் கரிய துணிக்கைகள் அதனோடு ஒட்டி வரும். அவற்றுட் பெரும்பகுதி இல்மனைற்று என்னும் கனியம். இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த பொருள். உரூத்தைல் என்னும் மற்றொரு தைத்தேனியக் கனியமும், சேர்க்கன் என்னும் கனியமும் அம்மணலிலே கலந்துள்ளன. இதனை அகழ்ந்து பிரித்தற்கென 1957ஆம் ஆண்டிலே அரசாங்கம் ஒரு கூட்டுத்தாபனத்தை நிறுவியது. அதன் வழிவந்த அரச நிறுவனம் இன்றும் அவ்விடத்திலே தொழில் செய்கின்றது. பிரித்தெடுத்த மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறி அயல்நாடு செல்கின்றது. உலகிலே தோண்டப்படும் தைத்தேனியக் கனியத்திற் பத்தில் ஒன்பது பங்குக்குக் குறையாதது வெண்ணிறச் சாயம் செய்யவே பயன்படுகின்றது, உலோகமாவது சிறுபங்கே. கடலுக்கப்பால், கேரளத்துச் சவறையிலே, அதே இனக் கடற்கரை மணலிலிருந்து உலோகத்தைக் கடற்பஞ்சு போன்ற வடிவிலே பிரித்தெடுக்கும் ஆலையொன்று 2011ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. ஆண்டுக்கு 500 தொன் ஆக்கும் அளவினது அது. இந்திய விண்வெளித் துறையின் தேவையை முன்னிட்டே அது எழுந்தது.

கரிய மணலிலே புதியதொரு மூலகம் உண்டென்று 1791ஆம் ஆண்டிலே கண்டவர் இங்கிலாந்தின் கோண்வால் பகுதியிற் பாதிரியாராயிருந்த வில்லியம் கிரெகர். நான்கு ஆண்டுகளின் பின் கிளப்புரோத்து என்னும் செருமானிய இரசாயன அறிஞர் கிரேக்கப் புராணத்துத் தைத்தன்களின் பெயரை இதற்குச் சூட்டினார். பெயர் பெற்ற மூலகம் தூய உலோகமாக மனிதர் கைக்கு வர நூறாண்டுக்கு மேற் சென்றது. 1910ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் ஹன்ரர் என்பவர் சிறிதளவு பெற்றார். 1940ஆம் ஆண்டையொட்டி லட்சம்பேக்கு நாட்டவரான குறோல், தைத்தேனியக் குளோரைட்டை மகனீசியத்தோடு வெப்பமேற்றிப் பெருமளவிலே எடுக்கும் வழியைக் காட்டினார். இன்றும் அதுவே முதன்மையான வழி. இத்தனை தாமதத்துக்குக் காரணம் இவ்வுலோகத்தின் சுபாவம். வெப்பமேறியவுடன் ஒட்சிசனையும் நைதரசனையும் காபனையும் இது வலிந்து பற்றிக்கொள்ளும், பற்றியதை விடாது. இந்தச் சுபாவத்தை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். உளி தேய்வதற்கும் இதுவே ஒரு காரணம்.

தொழிலுக்குப் பெரிதும் பயன்படுவது தனித் தைத்தேனியமன்று; நூற்றுக்கு 6 பங்கு அலுமினியமும் 4 பங்கு வனேடியமும் சேர்ந்த கலப்புலோகமே. உருக்கின் எடையிற் பாதிக்குச் சற்று மேலான எடையே இதற்கு உண்டு. வலிமையிலோ நல்ல உருக்குக்கு ஈடு கொடுக்கும். கடல்நீர் இதனை அரிப்பதில்லை. மனித உடல் இதனைப் பகையாகக் கொள்வதில்லை. எலும்பு இதனோடு ஒட்டி வளரும். ஆகவே வானவூர்தியிலும் மனிதனின் எலும்பு மூட்டிலும் ஒரே உலோகம் இடம்பெற்றது.

யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்திலே செய்யப்படும் செயற்கைக் காலைக் காணாதார் இங்கு குறைவு. போர்க்காலத்திலே காலிழந்த பலர் அதனாலே நடந்தனர். அந்தக் கால் உடலுக்கு வெளியே இருப்பது. உராய்ந்தால் கழற்றலாம், உடைந்தாற் கொண்டுபோய்த் திருத்தலாம். இடுப்பு மூட்டுத் தேய்ந்தவருக்கு உடலின் உள்ளே வைக்கும் செயற்கைக் கிண்ணமோ அவ்வாறன்று. அதனைத் திருத்த வேண்டுமாயின் மீண்டும் உடலைக் கிழித்தல் வேண்டும். இக்கிண்ணங்களை அச்சு முறையில் ஆக்கி நோயாளருக்குப் பொருத்தும் வழக்கம் 2007ஆம் ஆண்டிலே ஐரோப்பாவில் தொடங்கிற்று. வானவூர்தியை எடுத்தால், போயிங் நிறுவனத்தின் 787 ஊர்தியின் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு 15 பங்கு தைத்தேனியம். அவ்வூர்திக்காக நோர்வே நாட்டு நிறுவனமொன்று படியவைத்து ஆக்கிய தைத்தேனியக் கட்டமைப்பு உறுப்புகளுக்கு 2017ஆம் ஆண்டிலே அமெரிக்க வானூர்தி ஆணையகத்தின் அங்கீகாரம் கிடைத்தது. பெரிய உலோகப் பாளத்தைச் சீவிச் சீவி உறுப்பை எடுக்கும் பழைய முறையிலே, வாங்கிய உலோகத்தின் மிகப்பெரும் பகுதி சீவலாகிக் குப்பைக்குப் போகும். விலையுயர்ந்த உலோகத்துக்கு இது பெருநட்டம். அச்சு முறையின் கவர்ச்சி இங்கேதான் இருக்கின்றது.

அச்சு முறை நடைபெறும் விதம் எளிதிலே விளங்கக்கூடியது. ஆகன் வாயு நிரம்பிய அறையொன்றிலே தைத்தேனியத் தூளை மெல்லிய படையாகப் பரப்புவர். தூளின் மணி ஒவ்வொன்றும் 15 முதல் 45 மைக்கிரோன் வரை விட்டமுள்ளது. மனிதர் தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்கிரோன் என்பதோடு இதனை ஒப்பிடலாம். லேசர்க் கதிர் அப்படையின் மேல், கோலம் இடுவார் விரல்போல ஓடி, வேண்டிய இடத்தை மாத்திரம் உருக்கும். பின்னர்த் தட்டு மயிரிழை இறங்கும். அடுத்த படை பரவும். கதிர் மீண்டும் ஓடும். இவ்வாறு ஆயிரக்கணக்கான படைகள். லேசருக்குப் பதிலாக வெற்றிடத்திலே இலத்திரன் கற்றையால் உருக்கும் முறையும் உண்டு; அதிலே தூளின் மணிகள் சற்றுப் பெரியவை.

உருகிய இடத்தின் விளிம்பிலே பாதி உருகிய மணிகள் ஒட்டிக்கொள்ளும். சாய்வான பக்கங்களிலே படைகள் படிக்கட்டுப்போலத் தெரியும். எனவே அச்சிலிருந்து எடுத்த உறுப்பைத் தடவினால் பட்டைச்சீலையைத் தடவியது போன்றிருக்கும். பரப்பின் கரட்டை அளப்பதற்கு மெல்லிய ஊசியொன்றை அதன்மேல் இழுத்து, மேடு பள்ளங்களின் சராசரியைக் கணிப்பர். லேசர் முறையிலே அது பெரும்பாலும் 5 முதல் 20 மைக்கிரோன் வரை வரும். இலத்திரன் முறையிலே அதற்கும் மேல். வானவூர்தி உறுப்பின் வரைபடத்திலோ பெரும்பாலும் 1.6 மைக்கிரோன் என்று கேட்டிருப்பர்.

இடுப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டால் இதன் பொருள் நன்கு விளங்கும். கிண்ணத்தின் வெளிப்புறம் கரடாயிருப்பது நன்று. துளைகள் நிறைந்த அப்பரப்பினுள்ளே எலும்பு வளர்ந்து பற்றிக்கொள்ளும். உட்புறத்திலோ பீங்கான் அல்லது பொலிதீன் இனத்து உள்ளுறை ஒன்று இறுகப் பொருந்தல் வேண்டும். அந்த இடம் வழுவழுப்பாகவும் அளவு பிசகாமலும் இராவிட்டால், ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் உறை நுண்ணளவிலே அசையும். அசைவினால் உலோகத்தூள் உதிரும். உதிர்ந்த தூள் அயலிலுள்ள தசையைப் புண்படுத்தும். ஆகவே ஒரே பொருளின் வெளிமுகத்தை அச்சே செய்கின்றது, உள்முகத்தை உளி செய்தல் வேண்டும். வானவூர்தி உறுப்பிலே கேடு வேறுவகையானது. பறக்கும் ஊர்தியின் உறுப்பு இலட்சக்கணக்கான முறை வளைந்து நிமிரும். உலோகம் களைத்து வெடிக்கத் தொடங்கும் இடம் பெரும்பாலும் மேற்பரப்பிலுள்ள ஒரு நுண்கீறலே. அச்சிலிருந்து வந்தபடியே விட்ட தைத்தேனியத் துண்டு, செப்பஞ் செய்த துண்டு தாங்கும் மாறுசுமையிற் பாதியைக்கூடத் தாங்காதிருத்தல் சோதனைகளிலே பலமுறை காணப்பட்டது.

இனி உளியைப் பார்ப்போம். கடைசற் பொறியிலும் ஏனைய பொறிகளிலும் உலோகத்தைச் சீவும் கருவி எதுவாயினும் இங்கே உளி என்றே கொள்க. தைத்தேனியம் வயிரம்போலக் கடினமானதன்று. அதனிலும் கடினமான உருக்குகளைக் கடைசற்காரர் நாள்தோறும் சீவுகின்றனர். அவ்வாறாயின் உளி ஏன் இத்தனை விரைவாகத் தேய்கின்றது?

முதற் காரணம் வெப்பம். ஒடியற் கூழ் காய்ச்சும்போது சிரட்டை அகப்பையாற் கிண்டுவார் கை சுடுவதில்லை. அலுமினியக் கரண்டியை அதிலே விட்டுவைத்தால் சிறிது நேரத்திலே பிடிக்க முடியாது. சிரட்டை வெப்பத்தைக் கடத்தாது, அலுமினியம் கடத்தும். உலோகங்களுக்குள்ளே இந்தத் தைத்தேனியக் கலப்புலோகம் சிரட்டையைப் போன்றது. சாதாரண உருக்கு வெப்பத்தைக் கடத்துவதில் ஏழில் ஒரு பங்கே இது கடத்தும். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் முப்பதில் ஒரு பங்கே. சீவும்போது எழும் வெப்பம் உறுப்பினுள்ளே ஓடிப் பரவ வழியில்லை. ஆகையால் அதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு உளியினுள்ளே ஏறுகின்றது. அதுவும் உளியின் முழுமேனியிலன்று. தைத்தேனியச் சீவல் உளியின் முகத்திலே சிறிய இடத்தை மாத்திரம் தொட்டு விலகுவதால், வெப்பமும் அமுக்கமும் கூரின் அருகிலேயே குவிகின்றன. கூர்தான் உளியின் உயிர். அடி விழுவதும் அங்கேயே.

இரண்டாவது, முன்னர்க் கூறிய பற்றிக்கொள்ளும் சுபாவம். இக்காலத்து உளியின் வாய் பெரும்பாலும் தங்குதன் காபைட்டு மணிகளைக் கோபாற்று உலோகத்தாற் பிணைத்துச் செய்தது. 500 பாகை செல்சியசைக் கடந்த வெப்பத்திலே தைத்தேனியம் அதனோடு ஒட்டத் தொடங்கும். ஒட்டிய உலோகம் சீவலோடு பெயர்ந்து போகும்போது உளியின் துணிக்கையையும் பிடுங்கிச் செல்லும். அன்றியும் உளியிலுள்ள காபனும் கோபாற்றும் சூட்டிலே சீவலுக்குள் ஊறிச் செல்லும். பிணைப்பை இழந்த மணிகள் உதிரும். மணல் தேய்ப்பது போன்ற தேய்வன்று இது; கறையான் அரிப்பது போன்றது.

மூன்றாவது, இவ்வுலோகம் உருக்கினும் ஏறக்குறைய இருமடங்கு வளைந்து கொடுக்கும். பச்சை மூங்கிற் கீற்றைச் சீவ முயன்றவர் இதனை அறிவர். கத்தி அழுத்தும்போது கீற்று விலகும், கத்தி கடந்ததும் எழுந்து கத்தியின் முதுகிலே உராயும். நான்காவது, தைத்தேனியச் சீவல் நாடாப்போல ஒழுங்காக வருவதில்லை. வாட்பல்லுப்போல மடிந்து மடிந்து வருகின்றது. ஒவ்வொரு மடிப்பும் உளிக்கு ஒரு சிறு குட்டு. ஒரு விநாடியிலே ஆயிரக்கணக்கான குட்டுகள். அதனாற் கூரின் ஓரம் பொருக்கும்.

இவற்றின் விளைவாக உளியின் பக்கத்திலே ஒரு தேய்ந்த பட்டை தோன்றும். முகத்திலே ஒரு குழி விழும். வெட்டின் மேல்விளிம்பு தொடும் இடத்திலே ஒரு வெட்டுவாய் உண்டாகும். பக்கப் பட்டையின் அகலம் 0.3 மில்லிமீற்றர் ஆனால் உளியின் ஆயுள் முடிந்ததென்பது ஆய்வாளர் கொள்ளும் பொது அளவு.

தேய்ந்த உளி உலோகத்தை வெட்டுவதில்லை, நசுக்கித் தள்ளுகின்றது. நசுங்கிய உலோகம் பரப்பிலே பூசப்பட்டதுபோலப் படிந்து, கீழேயுள்ள கீறலையும் துளையையும் மூடிவிடும். கண்ணுக்குப் பளபளப்பாகத் தோன்றும் அப்பரப்பே மிகவும் ஆபத்தானது. மழுங்கிய உளியின் உராய்வுச் சூட்டினால் மேற்படையின் நுண்ணமைப்பு மாறும். அதனிலே இழுவைத் தகைப்பு எஞ்சி நிற்கும். நல்ல கூர் உளி அளவான வேகத்திலே சீவினால் பரப்பில் அமுக்கத் தகைப்பு எஞ்சும். அது கீறலின் வாயை மூடிப் பிடிக்கும். இழுவைத் தகைப்போ அதன் வாயைத் திறந்து வைக்கும். ஊசி கொண்டு அளக்கும் கரடு இரண்டுக்கும் ஒன்றாயிருக்கலாம். ஆகவே பரப்பின் செப்பம் என்பது வழுவழுப்பு மாத்திரமன்று. தோலின் கீழுள்ள சில பத்து மைக்கிரோன் ஆழமும் அதிலே அடங்கும்.

இத்தனையும் எந்தத் தைத்தேனியத்துக்கும் பொருந்தும். அச்சிட்ட தைத்தேனியத்துக்குத் தனிக் குணங்கள் சில உண்டு. அடித்து நீட்டிய உலோகத்துக்கென வகுத்த கணக்கை அதற்கு அப்படியே இட்டால் பிழைக்கும்.

கம்மாலையிலே கொல்லர் பழுக்கக் காய்ச்சிய கத்தியை நீரிலே தோய்த்து உறுதியாக்குவது யாவருக்கும் தெரிந்தது. லேசர் உருக்கிய ஒரு புள்ளி குளிரும் வேகம் அத்தோய்ச்சலிலும் மிகப் பெரியது. அதனால் உலோகத்தின் உள்ளமைப்பு பின்னிய ஊசிகள் போன்ற நுண்வடிவத்தை எடுக்கின்றது. உருக்கிலே தோய்ச்சல் தரும் அளவு கடினத்தை இது தைத்தேனியத்துக்குத் தராது. எனினும் அடித்து நீட்டிய உலோகத்திலும் கடினமும் வலிமையும் கூடுகின்றன, இழுபடும் குணம் குறைகின்றது. உளிமேல் விழும் விசை ஏறும், வெப்பம் ஏறும், உளி முந்தித் தேயும். வெற்றிடத்திலே சுமார் 700 பாகைச் சூட்டிலேயே வைத்து ஆக்கும் இலத்திரன் முறையிலே இந்த ஊசியமைப்பு மென்படைகளாக மாறிவிடுவதால் அவ்வுலோகத்தின் குணம் வேறு. இரண்டையும் அச்சிட்டவை என்று ஒரே பெயராற் சொல்லி ஒரே கணக்கிலே சீவுதல் தவறு.

இன்னும், படைமேற் படையாக வளர்ந்தமையால் உலோகத்தின் மணிகள் அச்சு எழுந்த திசையிலே தூண்கள்போல நீண்டு நிற்கும். பனையை நெடுக்குவாட்டிற் பிளப்பதும் குறுக்கே தறிப்பதும் ஒன்றல்லவே. அதுபோல, அச்சிட்ட உறுப்பை எத்திசையிலே சீவுகின்றோம் என்பதைப் பொறுத்து உளிமேல் விழும் விசையும் பரப்பின் தன்மையும் மாறுகின்றன. உள்ளே ஆங்காங்கு நுண்துளைகள் இருக்கலாம். உளி அவற்றைக் கடக்கும்போதெல்லாம் வெட்டு அறுந்து மீண்டும் மோதும். மேற்றோலிலே ஒட்டியுள்ள பாதி உருகிய மணிகளும் அவ்வாறே கூரைக் குட்டும். அனுபவமுடையோர் முதலாம் வெட்டை மேற்றோலின் அடியிலே செல்லும் ஆழத்துக்கு இறக்குவது இதனாலேதான்; தோலை வருடிச் செல்லும் வெட்டு உளியைக் கொல்லும்.

உள்ளே எஞ்சிய தகைப்பையும் மறத்தலாகாது. அச்சிலே ஒவ்வொரு படையும் குளிர்ந்து சுருங்கும்போது கீழ்ப்படையை இழுத்துக்கொண்டே சுருங்குகின்றது. அந்த இழுபறி முழுவதும் உறுப்பினுள்ளே பூட்டிக் கிடக்கும். ஒரு பக்கத்தைச் சீவியவுடன் பூட்டுத் தளர்ந்து உறுப்பு கோணலாகிவிடும். மெல்லிய சுவராயின் சொல்ல வேண்டியதில்லை. எனவே சீவுமுன் 800 பாகையை அண்டிய சூட்டிலே வைத்து ஆற்றுதல் வழக்கம். முக்கியமான உறுப்புகளை 900 பாகைக்கு மேற்பட்ட சூட்டிலே, வளிமண்டல அமுக்கத்தின் ஆயிரம் மடங்கு அமுக்கத்திலே வைத்து உட்டுளைகளை ஒட்டச் செய்வர். இவ்வாறு செய்தால் ஊசியமைப்பும் தளரும். உளிக்கும் ஓரளவு ஆறுதல் உண்டு.

இங்கே வியப்பான ஒரு செய்தி. அச்சிட்ட உலோகம் உளியை விரைவிலே தேய்த்தாலும், கூர் நன்றாயுள்ள வரையிலே, அதன் சீவிய பரப்பு அடித்து நீட்டிய உலோகத்தின் பரப்பினும் சற்று வழுவழுப்பாக அமைதல் பல சோதனைகளிலே காணப்பட்டது. கடினமும் குறைந்த இழுபாடும் உள்ள உலோகம் கூரிலே அப்பிக்கொள்ளாமல் நறுக்கென அறுபடுவதே காரணமென்பர். சில சோதனைகளிலே இவ்வேற்றுமை தோன்றவில்லை. எந்தப் பொறியிலே அச்சிட்டது, எவ்வாறு சூடாற்றியது என்பவற்றைப் பொறுத்தது அது.

பரிகாரங்களிலே முதன்மையானது வேகத்தைக் கட்டுதல். உளியின் ஆயுளுக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பை முதலிற் கணக்கிலே கொண்டுவந்தவர் அமெரிக்கரான பிரெடெரிக் ரெயிலர். இருபத்தாறு ஆண்டுகள் சோதனை செய்து, மூன்றரை இலட்சம் கிலோகிராமுக்கு மேற்பட்ட இரும்பையும் உருக்கையும் சீவலாக்கி, 1906ஆம் ஆண்டிலே தம் முடிவை வெளியிட்டார். பிடிவாதம் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது. அவர் கண்ட விதியின்படி, காபைட்டு உளியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். நிமிடத்துக்கு 50 மீற்றர் வேகத்திலே 40 நிமிடம் உழைக்கும் உளி எனக் கொண்டால், 60 மீற்றரிலே அது 20 நிமிடத்தையும் எட்டாது. 100 மீற்றரிலே இரண்டரை நிமிடமே. அவசரக்காரனுக்கு இவ்வுலோகம் இடங்கொடுப்பதில்லை. காபைட்டு உளியால் தைத்தேனியத்தைச் சீவுவோர் நிமிடத்துக்கு 60 மீற்றரை அண்டிய வேகத்தோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். சாதாரண உருக்கை அதே உளி அதனினும் சில மடங்கு வேகத்திலே சீவும்.

வேகத்தைக் குறைத்தாலும் உளியின் முன்னேற்றத்தை நிறுத்தலாகாது. வெட்டாமல் ஓரிடத்திலே நின்று உராயும் உளி, பரப்பை இறுகச் செய்து தன் கூரையும் கெடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றுக்கும் உளி எவ்வளவு நகர்கின்றதென்பதே பரப்பின் வரிகளை ஆக்குவது. நகர்வைத் தன்னாற் பெருக்கி, உளிமூக்கின் ஆரையின் எட்டு மடங்காற் பிரித்தால் வரியின் உயரம் வரும். மூக்கின் ஆரை 0.8 மில்லிமீற்றர், நகர்வு 0.2 மில்லிமீற்றர் என்றால் உயரம் ஏறக்குறைய 6 மைக்கிரோன். நகர்வைப் பாதியாக்கினால் ஒன்றரை மைக்கிரோன்தான். பாடசாலைக் கணக்கறிவு போதும். ஆனால் இக்கணக்கு கூர் கெடாத உளிக்கே உரியது. மூக்கு தேய்ந்தபின் சூத்திரம் ஒன்றைச் சொல்லும், ஊசி வேறொன்றைச் சொல்லும்.

வெட்டும் இடத்திலே குளிர்நீர்மத்தை வெறுமனே ஊற்றினாற் போதாது; சூட்டிலே அது ஆவியாகி விலகிவிடும். மிகுந்த அமுக்கத்திலே, சீவலுக்கும் உளிக்கும் இடையே பாயும்படி ஊசித் தாரையாகச் செலுத்துகின்றனர். சிலர் சுழியத்துக்குக் கீழே 196 பாகைக் குளிரிலுள்ள திரவ நைதரசனையே பாய்ச்சுகின்றனர். உடலினுள்ளே வைக்கும் உறுப்புக்கு இம்முறை விசேடமாக உகந்தது. வேலை முடிந்ததும் நைதரசன் காற்றோடு கலந்துவிடும், உறுப்பிலே எண்ணெய்க் கறை நிற்காது. வேலைத்தலத்திலே மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. தைத்தேனியத்தின் மெல்லிய சீவலும் தூளும் தீப்பற்றும். பற்றிய தீக்கு நீரை ஊற்றினால் நீரிலிருந்து ஐதரசன் எழுந்து தீ பெருகும். உலர்ந்த மணலாலோ அதற்கென உள்ள பொடியாலோ மூடுதல் வேண்டும். சீவலைக் குவியவிடாமல் அடிக்கடி அகற்றுவது அதனினும் நன்று.

இவற்றையெல்லாம் கணினி பார்த்துக்கொள்ளும் என்று கருதுவோர் உண்டு. பொறியோடு பொருத்திய உணர்கருவிகள் உளிமேல் விழும் விசையையும் அதிர்வையும் ஓசையையும் அளந்து, உளி எப்போது மழுங்குமென்று முன்கூட்டியே சொல்ல முயல்வது மெய்தான். அவை செய்வது பனையரியும் தச்சரின் காது செய்யும் வேலையே. ஆயினும் எந்த ஓசை கேடானதென்பதை அக்கருவிக்குக் கற்பிப்பதற்கு, முதலில் ஒருவர் மழுங்கிய உளியையும் அது விட்டுச்சென்ற பரப்பையும் உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்திருத்தல் வேண்டும். அச்சுப் பொறியை விலைகொடுத்து வாங்கிவிடலாம். உளியின் வாயைப் பார்த்து அறியும் பயிற்சி கடைசற் பட்டறையிலே தொடங்குவது. குடாநாட்டிலே உழவுபொறிக்கும் மீன்பிடி வள்ளத்துக்கும் உறுப்புக் கடையும் பட்டறைகளிலே, சீவலின் நிறத்தைப் பார்த்து வேகத்தைக் குறைக்கும் இளைஞன் அப்பயிற்சியின் முதற்படியிலே நிற்பவனே. இலங்கையின் மணல் மணலாகவே கப்பலேறும் நிலை மாறுவதற்கு ஆலை மாத்திரம் போதாது. இத்தகைய கைகளும் வேண்டும்.

உயர்ந்த வேலை நடைபெறும் இடங்களிலே உளி மழுங்கும்வரை காத்திருப்பதில்லை. ஓர் உறுப்பு அச்சாகி முடியப் பல மணிநேரம், சிலவேளை நாட்கணக்குச் செல்லும். அதன்பின் சூடாற்றல், பரிசோதனை. கடைசி வெட்டுக்கோ சில நிமிடங்களே. அந்தச் சில நிமிடத்திலே தேய்ந்த உளியொன்று முழு உழைப்பையும் வீணாக்கிவிடும். ஆகையால் இத்தனை உறுப்புக்கு ஓர் உளி என்று முன்னரே எண்ணிவைத்து, எண்ணிக்கை நிறைந்தவுடன், கண்ணுக்கு நன்றாகத் தோன்றினும், உளிவாயைக் கழற்றிவிடுகின்றனர். ஓர் உளிவாயின் விலை உறுப்பின் விலையோடு ஒப்பிடத் தக்கதன்று. கழற்றிய வாய்களை எறிவதுமில்லை. தேய்ந்த அரத்தைக் கம்மாலையிலே காய்ச்சிக் கத்தியாக அடிப்பதுபோல, அவற்றைப் பெட்டிகளிலே சேர்த்து ஆலைக்கு அனுப்பித் தங்குதனையும் கோபாற்றையும் மீட்டெடுத்து, மீண்டும் புதிய உளிவாய்களாக்குகின்றனர்.